ஜொகூருக்கு வந்த மந்திரப் பள்ளி

பிள்ளைகள் விடுதியில் தங்கி, கால அட்டவணைப்படி மந்திரம் பயின்று, தேர்வெழுதி வகுப்பேறும் கதையை மந்திரப் பள்ளிக் கதை எனலாம். இக்கதை வகை மலேசியாவின் ஜொகூர் மாநில வாசகரிடையே பரவிக் கால் நூற்றாண்டு அளவே ஆகிறது என்றாலும், மந்திரக் கதை அம்மாநிலத்தின் பழைய எழுத்துகளிலேயே வேர்கொண்டிருக்கிறது. ஆகவே புதிதாக வந்தது மந்திரமன்று, பள்ளிதான். அந்தப் பள்ளி எங்கிருந்து வந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஜொகூர் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் ராஜாவில் அரசவை அமைந்திருந்த காலத்தில், 1612ஆம் ஆண்டு, மலாய் அரசர்களின் வரலாற்றைத் தொகுக்கும் பணி பெண்டஹாரா, அதாவது தலைமையமைச்சர், பதவியிலிருந்த துன் ஸ்ரீ லானாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 'செஜாரா மெலாயு' என்று பரவலாக அறியப்படும் அந்நூல் 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. இராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நிழல் என ஆய்வாளர் பலர் கருதும் ராஜா சூரான், இந்நூலில் ஜொகூர் ஆற்றின் மேற்புறத்துக் கருங்கல் கோட்டையை வென்றபின், கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடி உலகத்துக்கு இறங்குகிறான்.

எனினும் மாய ஆற்றல் ஒருவனுக்கு எவ்வாறு கைவந்தது என்பதை அறிய, இதே நூலிலுள்ள பாடாங்கின் கதையே சிறந்த சான்று. காட்டைத் திருத்தும் வேலையில் எசமானனால் அமர்த்தப்பட்ட அடிமையான பாடாங், ஆற்றில் மீன்பறி வைக்கிறான். பறி என்பது உள்ளே புகுந்த மீன் வெளியேற முடியாதவாறு பின்னப்பட்ட கூடு. காலையில் வந்து பார்த்தால் மீன் இல்லை, செதிலும் முள்ளும் மட்டுமே கிடக்கின்றன. நாணற் புதரில் ஒளிந்திருந்து திருடனைப் பிடிக்கிறான். சிவந்த கண்களும் தொப்புள்வரை தொங்கும் தாடியும் கொண்ட பூதம் அது. தாடியை விடாமல் பற்றிக்கொண்டு வலிமை வேண்டுமெனக் கேட்க, தான் கக்குவதை உண்டால் அது கிட்டும் என்கிறது பூதம். பாடாங் தாடியைப் பிடித்தபடியே முழுவதையும் உண்டு தீர்க்கிறான். பின்னர் பெருமரங்களை வேரோடு சாய்த்து, விடுதலை பெற்று, சிங்கப்பூர் அரசவையின் வீரனாகிக் கலிங்கத்து மல்லனையும் வெல்கிறான். இங்கே ஆசிரியருமில்லை, உடன் பயில்வோருமில்லை. ஒருவன் தனித்து நின்று, அருவருப்பை விழுங்கி, ஒரே இரவில் பெற்ற ஆற்றல் அது.

ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் உடன்கொண்டுவந்த விக்கிரமாதித்தன் கதையும் இதே மரபைச் சேர்ந்ததே. கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தையும் காளியின் வரமும் தனியொருவனின் துணிவுக்கோ தவத்துக்கோ கிட்டுபவை. அவற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்க எவரும் எண்ணவில்லை.

பாடத்திட்டமும் விடுதியும் ஆங்கிலேயரின் பள்ளிமுறையோடு வந்தன. பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1905இல் அரச குடும்பத்தாரின், பிரபுக்களின் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட மலாய்க் கல்லூரி இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளியை அப்படியே முன்மாதிரியாகக் கொண்டது. ஜொகூர் பாருவில் 1914இல் ஆங்கிலக் கல்லூரி எழுந்தது. விளையாட்டு இல்லங்கள், மாணவத் தலைவர்கள், படிவம் எனப்படும் வகுப்பு வரிசை ஆகியவை நாளடைவில் அரண்மனைப் பிள்ளைகளைத் தாண்டி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டி வரைக்கும் பரவின. இங்கிலாந்திலோ அதே பள்ளி ஓர் இலக்கிய வகையையே ஈன்றிருந்தது. தாமஸ் ஹியூஸ் 1857இல் ரக்பி பள்ளியைக் களமாக்கி எழுதிய நாவல் அதற்கு வழிவகுத்தது, அமெரிக்கரான உர்சுலா லெ குவின் 1968இல் மந்திரவாதிகளுக்கென ஒரு தீவுப் பள்ளியைப் படைத்தார், ஜில் மர்ஃபி 1974இல் சூனியக்காரச் சிறுமியரின் பள்ளியை எழுதினார், 1997இல் ஜே. கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நாவல் வெளிவந்தது.

அந்நாவலை மலாய் மொழியில் வெளியிட்ட பெலாங்கி பதிப்பகம் ஜொகூர் பாருவில் உருவான நிறுவனம் என்பதும், பள்ளிப் பயிற்சி நூல்களே அதன் அடிப்படை வாணிகம் என்பதும் கருதத்தக்கவை. ஆறாம் ஆண்டின் இறுதியில் எழுதவேண்டியிருந்த யூபிஎஸ்ஆர் என்னும் அரசுத் தேர்வுக்கான பயிற்சி நூல்களை அச்சிட்டுவந்த நிறுவனமே, 2000களின் தொடக்கத்தில், தேர்வெழுதும் மந்திரவாதிகளையும் மலாய் வாசகரிடம் சேர்த்தது. தேர்வில் சிறந்தோரை முழு விடுதிப் பள்ளிகளுக்கு அழைக்கும் கடிதத்தை எதிர்பார்த்திருந்த மலாய்க் குடும்பங்களுக்கு, அந்நாவலில் பதினொரு வயதுச் சிறுவனைத் தேடிவரும் பள்ளிக் கடிதம் அந்நியமாக இருந்திருக்க வழியில்லை.

தமிழ்ப் பிள்ளையின் நிலை வேறு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் தமிழ்ப்பள்ளி தொடக்கநிலையோடு நின்றது. இடைநிலைக்கல்வி நாளடைவில் மலாய் மொழியில் அமைந்தது. மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழிக்கவேண்டியிருந்தது. பூமிபுத்திரா, அதாவது மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான, மாணவர்க்கே பெரிதும் உரியனவாக இருந்த முழு விடுதிப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் அரிது. பின்புலம் பாராமல் ஒரு பிள்ளையைத் தன் விடுதிக்கு அழைத்துக்கொள்ளும் பள்ளியின் கதை, அவ்வழைப்பு எட்டாதிருந்தவர்களுக்கு, அவர்கள் பாடுபட்டுக் கற்ற மலாய் மொழியிலேயே கிடைத்தது. இந்த உண்மைக்கு மலேசியத் தமிழரின் வாசிப்பு வரலாற்றில் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும். ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு பாகங்களும் முற்றுப்பெற்ற 2007ஆம் ஆண்டுக்குப் பின்னரே, பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில், மஞ்சுள் பதிப்பகத்தின் வெளியீடாக இந்தியாவிலிருந்து தமிழ் நூல் வந்தது. தொடக்கப்பள்ளியின் இறுதியாண்டில் மலாய் நூலைக் கையிலெடுத்த முதல் தலைமுறை அதற்குள் இடைநிலைப்பள்ளியையே முடித்திருந்தது.