பருவுக்கு நீல விளக்கு

ஒளியைத் தோல் நோய்க்கு மருந்தாக்கும் வித்தை, வெயில் குறைந்த நாட்டில்தான் கருவி வடிவம் பெற்றது. பாரோ தீவுகளில் பிறந்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், கரிமுனை விளக்கின் ஒளியைக் குவித்துத் தோல் காசநோய்க்குப் பாய்ச்சி 1903இல் நோபல் பரிசு பெற்றார். தண்ணீர் ஓடும் குவார்ட்ஸ் வில்லையைச் செவிலி நோயாளியின் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருப்பார். இரத்தம் விலகினால்தான் ஒளி உள்ளே இறங்கும். காசளவு இடத்துக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

தமிழருக்கு இதில் பாதி புதிதல்ல. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயில் காயச் சொல்வது நாட்டு வைத்தியத்தில் பழைய முறை. அந்த விதையில் உள்ள சோரலென் வகைப் பொருளோடு புற ஊதாக் கதிரைச் சேர்த்ததுதான், 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சொரியாசிஸுக்கு அறிவித்த 'பூவா' சிகிச்சை.

முகப்பருவின் கதை அவ்வளவு சுத்தமானதல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை நாடுகளில் பருவுக்குப் புற ஊதா விளக்கும் காட்டினார்கள், எக்ஸ்ரேயும் பாய்ச்சினார்கள். முன்னது தோலை உரித்தது. பின்னது எண்ணெய்ச் சுரப்பியைச் சுருக்கியது. பல ஆண்டு கழித்துச் சிலருக்குத் தைராய்டு புற்றுநோயையும் கொடுத்தது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. வெயில் இங்கே ஆண்டு முழுவதும் இலவசம். பரு மட்டும் குறைந்தபாடில்லை. புழுக்கமும் வியர்வையும் பருவைக் கிளப்பிவிடும் என்பதை இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலத்துக்கு வந்த படைகளின் மருத்துவர்கள் கண்டு, 'வெப்பமண்டலப் பரு' என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு தோல் மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தது ஒளியால் அல்ல. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் முதலில் ஹைட்னோகார்பஸ் எண்ணெய் ஊசியும், போருக்குப் பின் டாப்சோன் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. டாப்சோனை எதிர்த்துத் தொழுநோய்க் கிருமி தாக்குப்பிடிப்பது 1964இல் மெய்ப்பிக்கப்பட்டதும் இந்தக் குடியிருப்பின் நோயாளிகளிடம்தான். அதே டாப்சோன் 2005இல் அமெரிக்காவில் பருவுக்கான களிம்பாக அனுமதி பெற்றது வேறு கதை.

நீல விளக்கு மருத்துவமனைகளில் பரவியதே பச்சிளங் குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்காக. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலி, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோன குழந்தையின் உடலில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததைக் கவனித்தார். 1958இல் அங்கிருந்தே முதல் ஒளிச்சிகிச்சை ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கோலாலம்பூர், கிள்ளான் மருத்துவமனைகளில் கண்ணைக் கட்டிய குழந்தை நீல ஒளியில் கிடப்பது இன்று சாதாரணக் காட்சி. வீட்டில் பாட்டிமார் குழந்தையைக் காலை வெயிலில் காட்டுவதும் நிற்கவில்லை. மலேசிய மருத்துவ வழிகாட்டி அதை ஏற்பதில்லை. குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றும், தோல் வெந்துபோகும் என்ற பயம்தான்.

பருவில் நீல ஒளி வேலை செய்யும் விதம் வேறு. பருவோடு சேர்ந்து வாழும் பாக்டீரியா போர்ஃபிரின் என்ற பொருளைச் சுரக்கிறது. இருட்டறையில் 'வுட்' விளக்கைக் காட்டினால் மூக்கின் ஓரங்களில் ஆரஞ்சுச் சிவப்புப் புள்ளிகள் மினுங்குவது அதனால்தான். 415 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டதும் போர்ஃபிரின் கிளர்ந்து, வீரியமுள்ள ஆக்சிஜனை உண்டாக்கி, தன்னைச் சுரந்த கிருமியையே கொல்கிறது. 2000இல் 107 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், நீலமும் சிவப்பும் கலந்த ஒளியை நாளுக்கு 15 நிமிடம் 12 வாரம் காட்டியவர்களுக்கு வீங்கிச் சிவந்த பருக்கள் சராசரியாக 76 விழுக்காடு குறைந்தன. பருவுக்கான நீல விளக்குக்கு 2002இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2016இல் 71 ஆய்வுகளை அலசிய காக்ரன் மதிப்பாய்வு, உறுதியாகச் சொல்லத் தக்க சான்று குறைவு என்றது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்துத் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தோல் நிறங்களை வகைப்படுத்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த அளவுகோலில் முதலில் இருந்தவை வெள்ளைத் தோல் வகைகள் மட்டும். பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்ந்தன. பருவுக்குக் காட்டப்படும் 'ஐபிஎல்' என்ற பளீர் ஒளிக் கருவியை மாநிறத்தாருக்கு ஏற்பத் தணித்து வைக்காவிட்டால், ஒளியை மெலனின் விழுங்கிச் சூடேறும். தோல் வெந்து தழும்பாகும். நீல ஒளியும் முழுக்கச் சாதுவல்ல. அதே 415 நானோமீட்டர் ஒளி நிறத்தோலில் வாரக்கணக்கில் மறையாத கருமையை உண்டாக்குவதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. சிவப்பு ஒளி அப்படிச் செய்யவில்லை. பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி விழுவதுதான் மாநிறத்தாரின் பெரிய கவலை. ஆகவே இது சில்லறை விஷயமல்ல.

மலேசியச் சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட அழகியல் மருத்துவ வழிகாட்டியின்படி லேசர், ஐபிஎல் போன்ற கருவிகளைப் பதிவு பெற்ற மருத்துவர்கள், அதற்கென்று தனிச் சான்று பெற்ற பின்பே கையாளலாம். அழகு நிலையப் பணியாளர்களுக்கு அந்த அனுமதி இல்லை. தோல் மருத்துவரிடம் போனாலும் முதலில் கையில் கிடைப்பது களிம்பும் மாத்திரையும்தான். விளக்கு துணைக்கு வரும். கரும்புள்ளி விழக்கூடியவர்களுக்கு வெயில் காப்புக் களிம்பும் உண்டு. நிறமற்ற களிம்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சரியாகத் தடுக்காது என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துக்கு ஒத்த களிம்பைப் பூசச் சொல்கிறார்கள்.