கிள்ளான் கற்பித்த சுகாதாரப் பாடம்



1901ஆம் ஆண்டு கிள்ளான் நகரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) அதற்குத் தப்பவில்லை. இவ்விரு இடங்களிலும் அவ்வாண்டில் நேர்ந்த மொத்த மரணங்கள் 582.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று இந்தியாவில் ரொனால்ட் ராஸ் மெய்ப்பித்திருந்தார். அதை நன்கறிந்த மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடித்து, சுற்றியிருந்த காட்டையும் அகற்ற வழிசெய்தார். மறு ஆண்டே மரணங்கள் 144ஆகக் குறைந்தன.

1904இல் வாட்சன் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். கிள்ளான் நகரில் 173 குழந்தைகளுள் ஒருவரிடம் மட்டுமே கிருமி இருந்தது. வடிகால் எட்டாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலோ 298 பேருள் 101 பேரிடம் இருந்தது. மாவட்டம் ஒன்றே, நோயும் ஒன்றே. காப்பு நின்ற எல்லையில் நோய் தொடங்கியது.

மலேரியாவுக்கு அன்று தடுப்பூசி இல்லை. பிற நோய்களுக்குத் தடுப்பு மருந்துகள் படிப்படியாக நம் நாட்டிற்கு வந்தன. 1961இல் காசநோய்க்கும், 1972இல் இளம்பிள்ளை வாதத்திற்கும், 1989இல் கல்லீரல் அழற்சி பி நோய்க்கும் தேசியத் திட்டங்கள் தொடங்கின. 2010 முதல் படிவம் ஒன்று மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளியிலேயே போடப்பட்டது. முதலாம் ஆண்டு மாணவர்க்குத் தொண்டை அடைப்பான், இரண ஜன்னி, தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஊசிகளைத் தாதியர் பள்ளிக்கே வந்து போடுகின்றனர். வசதியுள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்ற எல்லை அங்கே இல்லை.

ஆயினும் 2016இல் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கி, தடுப்பூசி பெறாத பிள்ளைகள் சிலரின் உயிரைப் பறித்தது. 1992க்குப் பின் காணப்படாத இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தையைத் தாக்கியது. கண்ணில் படாத நோயை ஒழிந்துபோன நோய் என்று எண்ணிவிடலாகாது.

பெற்றோர்களே, தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவம் பிள்ளையின் புத்தகப்பையிலேயே மறந்து கிடந்தால், இன்றைய எல்லைக்கோடு அதுதான். ஐயமிருப்பின் மருத்துவரைக் கேளுங்கள், தெளிந்து கையொப்பமிடுங்கள். ஆசிரியர்களே, படிவம் திரும்பாத வீட்டிற்கு ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள்; ஊசி போடும் நாளில் வராத பிள்ளையின் பெயரைக் குறித்து வையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் ஒரு பிள்ளைகூடக் காப்பின் எல்லைக்கு வெளியே நிற்கலாகாது.