கல்கத்தாவின் மாடி பஸ்

ஒரு நகரத்தின் வரலாறு அதன் மாளிகைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் மட்டும் அடங்கியதன்று. அந்நகர மக்களை அன்றாடம் சுமந்து சென்ற வண்டிகளுக்கும் அதில் பங்குண்டு. கல்கத்தாவில் வாழும் நாம் டிராம் வண்டியின் பெருமையை நன்கறிவோம். ஆனால், அதற்கு இளையதாகப் பிறந்து, அதற்கு முன்பே மறைந்துவிட்ட மாடி பஸ்ஸின் வரலாற்றை நம் இளைஞர் அதிகம் அறியார்.

இந்நகரில் குதிரை இழுத்த டிராம் 1873ஆம் ஆண்டிலும், மின்சார டிராம் 1902ஆம் ஆண்டிலும் ஓடத் தொடங்கின. டிராமுக்குத் தண்டவாளம் வேண்டும். பஸ்ஸுக்கோ சாலையே போதும். 1926ஆம் ஆண்டில் வடக்கே சியாம்பஜாரிலிருந்து தெற்கே காளிகாட் வரை முதல் மாடி பஸ் விடப்பட்டது. லேக் மார்க்கெட்டை அடுத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் காளிகாட் அண்டை வீடு போன்றதன்றோ!

நாடு பிரிவினையுற்றபின், கிழக்கு வங்கத்திலிருந்து மக்கள் வெள்ளமெனப் பெருகி வந்தனர். டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1948 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க அரசே பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. வீடிழந்து வந்த இளைஞர் பலருக்கு அது பிழைப்பும் அளித்தது. 1960ஆம் ஆண்டில் அத்துறை கல்கத்தா அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று.

அதே 1948ஆம் ஆண்டில்தான் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் தோன்றியது. 1955இல் அது அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. 1967ஆம் ஆண்டில் எண்ணூர்த் தொழிற்சாலை 'டைட்டன்' என்னும் மாடி பஸ்ஸுக்கான அடிச்சட்டத்தை உருவாக்கியது. அவ்வண்டிகள் கல்கத்தா வீதிகளிலும் உலவின. நம்மைப் போலவே அவையும் தமிழகத்திலிருந்து வந்து வங்கத்துக்கு உழைத்தவை என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஒரு பஸ் அடைக்கும் இடத்தில் ஏறக்குறைய இரு பஸ்களின் கூட்டத்தைச் சுமப்பதே மாடி பஸ்ஸின் சிறப்பு. மேல்தளத்துக்கு ஒரு கண்டக்டர், கீழ்த்தளத்துக்கு ஒரு கண்டக்டர். டிராமில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இருந்தது. மாடி பஸ்ஸிலோ அதிகாரியும் கூலியாளும் ஒரே கட்டணம் செலுத்தி அருகருகே அமர்ந்தனர்.

காலம் மாறியது. வண்டிகள் முதுமையுற்றன, புதியவை போதிய அளவில் வரவில்லை, சிறு பஸ்களும் தனியார் வாகனங்களும் பெருகின. 2005ஆம் ஆண்டளவில் மாடி பஸ் வீதிகளினின்று மறைந்தது. 2020 அக்டோபரில் மேற்கூரையற்ற நீல நிற மாடி பஸ்கள் இரண்டு விடப்பட்டன. அவை ஊர் சுற்றிப் பார்ப்போருக்கானவை. அலுவலகம் செல்வோருக்கானவை அல்ல.

பொதுச் சொத்து நற்பராமரிப்பால் மட்டுமே நிலைக்கும் என்பதை ரயில்வேயில் பணிபுரிவோர் நாள்தோறும் காண்கிறோம். டிராமும் இன்று அருகி வருகிறது. ஆதலின், மாடி பஸ்ஸில் ஏறி வேலைக்குச் சென்ற நம் முதியோர், எந்த வழியில், எவ்வளவு கட்டணத்தில், எவரோடு பயணம் செய்தனர் என்பதைத் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். இளைஞர் அதனை எழுதி வைத்தல் வேண்டும். இந்நகரில் நாம் வாழ்ந்த வரலாறும் அதில் அடங்கியுள்ளது.