ஒரே 105, இரண்டு டிரைவ்

மைசூரு ஹெப்பால், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் ஓடும் பழைய சிஎன்சி எந்திரங்களுக்குச் சர்வோ டிரைவ் எரிந்தால், செகண்ட் ஹேண்ட் உருப்படி தேடுவார்கள். வேண்டியது ஏ06பி-6079-எச்105, கிடைப்பது ஏ06பி-6096-எச்105. இரண்டும் பானக் ஆல்பா வரிசை, இரண்டும் எஸ்விஎம்1-80. வாங்கிவிடலாமா?

பவர் பக்கத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டும் ஒற்றை அச்சு. உச்ச மின்னோட்ட வரம்பு 80 ஆம்பியர். நம் 415 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் 200 ஆக இறக்கித் தர, பவர் சப்ளை மாட்யூல் அதை ஏறத்தாழ 300 வோல்ட் டிசியாக்கி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஊட்டுகிறது. (மெயினை அணைத்த பிறகும் சிவப்பு சார்ஜ் விளக்கு அணையும்வரை கை வைக்கக் கூடாது என்பதும் பொது.)

பிரிவது கட்டளை வரும் வழியில். 6079-க்கு கன்ட்ரோலரிலிருந்து பிடபிள்யூஎம் சிக்னல் செம்புக் கேபிளில் வருகிறது. 0-சி கன்ட்ரோலில் அந்தக் கேபிள் ஜேவி1பி-யில் ஏறும். மோட்டாரின் என்கோடர் கேபிள் டிரைவைத் தொடாமல் நேரே கன்ட்ரோலருக்குப் போகும். 16ஐ, 18ஐ கன்ட்ரோல்களுக்கான 6096-இல் கட்டளை ஒளியிழையில், சிஓபி10பி வழியாக வருகிறது. என்கோடர் கேபிளும் டிரைவிலேயே, ஜேஎஃப்1-இல், மாட்டும்.

டிரைவைக் கழற்றும்போது இது தெரியும். 0-சி-யில் 6079-ஐ மாற்றினால் என்கோடர் இணைப்பு கலையாது. எந்திரத்தின் ஜீரோ அப்படியே நிற்கும். 6096-ஐ மாற்ற என்கோடர் கேபிளைப் பிடுங்கியே ஆகவேண்டும். அப்சல்யூட் என்கோடர் என்றால் 300 அலாரம் வந்து, ஹோம் திரும்ப வைக்க வேண்டி வரலாம். இரண்டிலும் சர்வோ கணக்கைப் போடுவது கன்ட்ரோலர்தான். அதனால் அதே எண்ணுள்ள டிரைவை மாட்டினால் டியூனிங் தேவையில்லை.

6079-எச்106 கிடைத்தால்? அது 130 ஆம்பியர். சிக்னல் கேபிள்கள் பொருந்தும், ஆனால் மின்னோட்ட அளவீட்டின் முழு அளவு மாறுவதால் பராமீட்டரைத் திருத்தாமல் ஓட்டக் கூடாது. திருத்தத் தெரிந்தவர் இருந்தால் அதற்காவது வழி உண்டு. செம்புக் கேபிள் தரும் கன்ட்ரோலில் 6096-ஐ மாட்ட இடமே இல்லை. ஆகவே பெயர்ப்பலகையில் முதலில் பார்க்க வேண்டியது நடு நான்கு இலக்கம். ஆம்பியர் அதற்குப் பிறகு.