சொல்லின்றிப் பேசிய உடை

மனிதன் வாயினால் மட்டும் பேசுபவன் அல்லன். அவன் கண் பேசும், கை பேசும், நிற்கும் நிலையும் பேசும். நம் சிற்றூர்களில் நெடுங்காலம் துண்டும் பேசியது. எதிரே ஒருவர் வரக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குள் இறங்கும். காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏறும். இருவரும் ஒரு சொல்லும் பேசியிரார். ஆயினும் யார் மேல், யார் கீழ் என்பது தெருக்குழந்தைக்கும் விளங்கிவிடும். தேநீர்க் கடையில் தனியே கவிழ்த்து வைத்த குவளைக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இது தானாக வளர்ந்த மரியாதை என்று சிலர் கருதுவர். அது பிழை, அடித்துக் கற்பித்த மொழி இது. சான்றுக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. சிவகாசியும் நம் நாரணாபுரமும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடி கத்தரிக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கலம் கூடாது. பெண்டிர் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது.

இளைஞர்களே, இப்பட்டியலை ஊன்றிப் பாருங்கள். இன்னது பேசாதே என்னும் தடை இதில் ஒன்றுமில்லை. அடுக்களைப் பானை நீங்கலாக, எல்லாம் தெருவில் கண்ணுக்குத் தெரிபவை. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இதைக் குறிக்காமல் வேறு எதைக் குறிப்பது?

அதே 1930 டிசம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் சார்பாளர்களாக அமர்ந்திருந்தனர். அம்பேத்கரின் கோட்டை மேனாட்டு மோகம் என ஏளனம் செய்வோர் உண்டு. சட்டை அணிந்தால் குடிசை எரியும் நாட்டில் அந்தக் கோட்டு என்ன பேசிற்று என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமோ?

அதற்கு முன்பே, 1893இல், திருவிதாங்கூரில் அய்யன்காளி தலைப்பாகை கட்டி, விலக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். 1927 மார்ச் 20இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். பின்னே ஆயிரக்கணக்கானோர் பருகினர். நம் பழைய மாவட்டத்திலேயே, 1957 செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூர்ச் சமாதானக் கூட்டத்தில் தம் மக்களுக்காகச் சரிசமமாக அமர்ந்த இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். உட்காருவதும் ஒரு பேச்சே. அதற்கு விலையும் இருந்தது.

காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் பள்ளிகளுக்குச் சீருடை வந்தது. மிராசுதாரர் மகனும் மாடு மேய்த்தவன் மகனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே வரிசையில் நின்றனர். ரவிக்கை அறியாத பாட்டி ஒருத்தி, வாசற்படியில் பேத்தியை நிறுத்திச் சீருடைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டதை என் இளமையில் கண்டிருக்கிறேன்.