அச்சத்தின் அளவுகோல்

நல்லதங்காள் கதையை நடத்தும்போது வகுப்பு அமைதியாகிவிடும். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டுத் துரத்துகிறாள். அவள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "மேடம், அவங்க ஏன் அந்த அண்ணியை ஒண்ணுமே செய்யல?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. தன்னை அழித்துக்கொள்கிறவள் தெய்வமாகிறாள். திருப்பி அடித்திருந்தால் என்னவாகியிருப்பாள்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் கொடுத்தது. தற்காப்பு உரிமையை ஏன் இவ்வளவு தாராளமாக வைத்தோம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. இந்நாட்டு மக்கள் கொள்ளையருக்கும் கொடியவருக்கும் எளிதில் பணிந்துவிடுகிறார்கள், அவர்களிடம் ஆண்மையைத் தட்டியெழுப்ப வேண்டும் என்றார்கள். ஆக, இந்த உரிமை பிறக்கும்போதே ஓர் ஆணை மனத்தில் வைத்துப் பிறந்தது. எதிரே வரும் அந்நியன், கையில் ஆயுதம், ஒரு கணத்து மோதல். 1860இல் சட்டமானபோதும் அந்தச் சித்திரம் மாறவில்லை.

அதே சட்டத்தின் நூறாவது பிரிவு பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சினால், தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்பு நீளலாம். வன்புணர்ச்சி நோக்கத்தோடு தாக்கினாலும் நீளலாம். 2013 திருத்தத்தில் அமிலவீச்சும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்று இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு. ஆனால் இதற்கு முந்தைய பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது.

தெருவில் வரும் அந்நியனுக்கு இந்த நிபந்தனைகள் பொருந்தும். ஒவ்வோர் இரவும் அதே வீட்டில், அதே கதவைத் தாழிட்டு அடிக்கிறவனுக்கு? அவளுக்கு நேரம் இருந்தது என்று சட்டம் சொல்லும். காவல் நிலையத்திலிருந்து "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டது அந்த நேரக் கணக்கில் வராது.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை உலுக்கியவர் பஞ்சாபிலிருந்து மணமாகிப் போன கிரன்ஜித் அலுவாலியா. பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் 1989 மே மாதம் ஓர் இரவு, கணவன் சூடான இஸ்திரிப்பெட்டியை முகத்தருகே பிடித்து மிரட்டினான். பிறகு தூங்கப் போனான். அவர் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாட்களில் அவன் இறந்தான். தூங்குகிறவனிடமிருந்து என்ன தற்காப்பு? 'திடீர்ச் சினம்' என்ற வாதமும் எடுபடவில்லை. 1949இன் ஒரு தீர்ப்பு, சினமூட்டல் என்றால் அந்தக் கணமே நிதானம் இழந்திருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. ஆயுள் தண்டனை கிடைத்தது. சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பெண்கள் ஓயாமல் போராடினார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கொலையல்லாத மரணம் விளைவித்தல் என்று ஏற்று, அதுவரை சிறையில் கழித்த காலத்தையே தண்டனையாக்கி விடுவித்தார்கள்.

விடுதலை மகிழ்ச்சிதான். ஆனால் எந்தக் காரணத்தால் விடுவித்தார்கள் என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வு நோயால் அவருடைய பொறுப்பு குறைந்திருந்தது என்ற காரணத்தால். அவர் அஞ்சியது நியாயம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் நோயாளி என்றுதான் சொன்னார்கள். நிதானமிழப்பு 'திடீரென்று' நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இங்கிலாந்து நீக்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1989இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வேறொரு வழக்கு இருந்தது. கணவனின் கொடுமை தாளாமல் ஒரு பெண் குழந்தைகளோடு கிணற்றில் குதித்தாள். குழந்தைகள் இறந்தன, அவள் பிழைத்தாள், கொலைக்குற்றம் சாட்டப்பட்டாள். நீதிமன்றம் அவள் நிலைக்கு 'நல்லதங்காள் நோய்க்குறி' என்று பெயரிட்டது. நம் சட்டம் 'கடுமையான, திடீர்ச் சினமூட்டல்' என்று மட்டும் சொன்னாலும், நாள்பட நீடித்த சினமூட்டலையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. பிற்காலத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆயினும் நெருடுகிறது. பெண்ணின் வலி ஆண்டுக்கணக்கில் சேரும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொள்ள, அவள் தன் உடலையும் தன் பிள்ளைகளையும் கிணற்றில் போட வேண்டியிருந்தது. நம் கதைமரபு அவளை முன்பே அறிந்திருந்தது. அடித்தவன் பக்கம் திரும்பியவளுக்கு அப்படி ஒரு கதை இல்லை.

அப்படியானால் பெண்களுக்குக் கொல்லும் உரிமையா கேட்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சட்டத்தின் கதவை அகலத் திறந்தால் முதலில் நுழைகிறவர் யார் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். பின்வாங்காமல் எதிர்த்து நிற்கலாம் என்று 2005இல் அங்கே சட்டம் வந்தது. அடிக்கும் கணவனுக்கு எதிராக எச்சரிக்கையாக ஒருமுறை சுட்ட மரிஸ்ஸா அலெக்ஸாண்டர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் உதவவில்லை. யாருக்கும் காயமில்லை. 2012இல் இருபது ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் பின்னர் அது ரத்தானது. அகலமான சட்டமும் யாருடைய அச்சத்தை நம்புவது என்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஆகவே நாம் கேட்பது கொல்லும் உரிமை அல்ல. 'நியாயமான அச்சம்' என்பதை அளக்கும்போது, அந்த ஒரு கணத்தை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள் என்பதே.

2012இல் மதுரையில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவனை அடித்துக் கொன்ற தாயை, நூறாவது பிரிவைக் காட்டிச் சிறைக்கு அனுப்பாமல் காவல்துறை விடுவித்தது. பலரும் பாராட்டினோம். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவன் அன்று மகளை விட்டுவிட்டு மனைவியை வன்புணர முயன்றிருந்தால்? பதினெட்டு வயதைக் கடந்த மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்ச்சி அல்ல என்று 63ஆம் பிரிவின் விதிவிலக்கு இன்றும் சொல்கிறது. சட்டத்தில் இல்லாத குற்றத்துக்கு எதிராகத் தற்காப்பும் இல்லை. சாவுக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சினேன் என்று அவள் தனியே நிறுவ வேண்டும். மகளைக் காக்க எழுந்த கைக்குக் கிடைத்த உரிமை, தன்னைக் காக்க எழும் அதே கைக்கு அப்படியே கிடைக்காது.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் இந்த இரண்டு பிரிவுகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ கல்யாணம் ஆனா அந்த உரிமை போயிடுமா மேடம்?" என்று கேட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.