கரைவலையும் பிரசங்க பீடமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற சல்லிக் கிராமம் சைவம் தழைத்த ஊரேயெனினும், வேதாகமத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யும் கலையின் சரித்திரத்தை ஆராய்வோர்க்கு அக்கடற்கரை கற்பிப்பது அநேகம்.

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில், குருமார் மிகச் சிலராயும் கோயிற்பற்றுகள் பலவாயும் இருந்தமையால், குருமார் எழுதிக்கொடுத்த பிரசங்கத்தைப் பள்ளிக்கூட வாத்தியாரே ஞாயிறுதோறும் சபையில் வாசித்தார். எழுதியவர் கேட்போர் முகத்தைக் கண்டிலர். வாசித்தவர்க்கோ வசனத்தை ஆராயும் பொறுப்பில்லை. உத்தியோகத்தை நாடி ஞானஸ்நானம் பெற்றோரால் நிறைந்திருந்த அச்சபைகள், ஆங்கிலேயர் வந்து, ஞானஸ்நானமின்றி உத்தியோகமில்லை என்னும் நிர்ப்பந்தம் நீங்கியபின் விரைவிலே கலைந்தமை வியப்பன்று.

1814-இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிஷனார் வேறு வழி சென்றனர். ஊராரிலேயே பிரசங்கிமாரைப் பழக்குவது அவர்களுடைய சம்பிரதாயம். எடுத்த வசனத்தை முன்பின் அதிகாரங்களோடு சேர்த்து வாசித்தல், யார் யாருக்கு எதன்பொருட்டுக் கூறினார் என வினவுதல், தலைப்புகளாக வகுத்தல், முடிவில் கேட்போர் வாழ்வோடு பொருத்துதல் என்னும் இம்முறையின் வலிமையை நன்குணர்ந்தவர், பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய சைவப் பிரசங்கம், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் அவர் கண்ட ஒழுங்கைச் சைவத்தின் உடைமையாக்கியது. சைவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஒருங்கே பயன்பட்ட இக்கலையை ஒரு சமயத்தாருக்கே உரியதென்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

இம்முறையால் ஒரு பகுதியை ஆராய்ந்து பார்ப்போம். மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில், கடலிற்போட்டுக் கரைக்கு இழுக்கப்படும் வலையின் உவமை வருகிறது. இது நம் கரைவலையே. தோணியிலே வலையை வளைத்து வந்து, இரு புறமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுக்க, மீன் சேரும் மடி கரையேறும் வரையில் எந்த மீனையும் எவரும் தெரிந்தெடுப்பதில்லை. சூடையும் சாளையும் நண்டும் பாசியும் ஒன்றாகவே வரும். மணலில் மடியை அவிழ்த்தபின்னரே நல்லது கூடைக்கும் ஆகாதது புறத்தேயும் போகும். நல்லவர் தீயவரைப் பிரிக்கும் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை, அதற்குரிய காலமும் இன்னும் வரவில்லை என்று, அவ்வதிகாரத்தில் முன்னர் வரும் களைகளின் உவமையோடு இதனை இணைத்துப் பொருள்காண்பதே நேரிது. சபையில் தமக்கு உவவாதாரை விலக்க இதனை ஆயுதமாக்குவது பெரும்பிழை.

ஆதலின், திருகோணமலைச் சபைகளில் இப்பகுதியைப் பேச எண்ணும் போதகர்கள், வியாக்கியான நூலை விரிக்குமுன் ஒரு காலைப்பொழுதிற் சல்லிக் கரைக்குச் சென்று, வலைக்குரிய சம்மாட்டியாரிடமும் கயிறு பிடிப்போரிடமும் கேட்டறிந்து வரவேண்டும் என்று விநயமாக வேண்டிக்கொள்கிறேன்.